தோள் நிற்கும், பெல்ட் நிற்காது

அன்று காலை அந்த உருளைக்கிழங்கு மண்டியில் இருந்தவர்கள் இவர்கள்தான். மண்டி முதலாளி. அவருடைய கணக்குப்பிள்ளை. லோடுமேன்கள் நான்கு பேர், அதில் ஒருவர் மேஸ்திரி. லாரி டிரைவர். நான். அப்புறம், வாசலில் நின்ற காருக்குள், கீழே இறங்கக் கூடாது என்று சொல்லி உட்கார வைக்கப்பட்டிருந்த முதலாளியின் மகள். மொத்தம் ஒன்பது பேர். பின்னால் பரவை மார்க்கெட்டில் பாதிப் பேர் தாங்களும் அங்கே நின்றதாகச் சொல்லித் திரிந்தார்கள். நிற்கவில்லை. எனக்கு நிச்சயமாகத் தெரியும். எந்த இடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் ஆளை எண்ணுவேன், அடுத்து வெளியே போகிற வழியைப் பார்த்து வைப்பேன். கல்யாண மண்டபத்திலும் அப்படித்தான், டவுன் பஸ்ஸிலும் அப்படித்தான். அது ஒரு வியாதி என்று என் மனைவி சொல்வாள்.

திண்டுக்கல் ரோட்டில் எனக்கு ஒரு வெல்டிங் பட்டறை இருக்கிறது. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. கேட்டு, கிரில், மாட்டுக்கொட்டகைக் கம்பி என்று ஓடிக்கொண்டிருந்த எனக்கு அந்த மண்டி முதலாளி கொண்டுவந்த வேலை பெரிது. லாரியின் பின்வாயிலிருந்து குடோனுக்குள் மூட்டை அடுக்கின் உச்சி வரைக்கும் ஏறிப்போகிற ஒரு பெல்ட் மிஷின் வேண்டும் என்றார்.

"மூட்டைக்கு இம்புட்டுன்னு மாசத்துக்கு மாசம் கூலிய ஏத்துறாய்ங்க. மிஷினு கூலி கேக்குமா? லீவு கேக்குமா? பொங்கலுக்கு வேட்டி கேக்குமா?"

வரைபடம் போட்டது அவர் மகள். இன்ஜினியரிங் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தது. ஸ்கூட்டியில் பட்டறைக்கு வந்து, தூசி படிந்த ஸ்டூலில் துடைக்காமல் உட்கார்ந்து, ஒரு பொருளை எப்படி யோசித்துச் செய்ய வேண்டும் என்று எனக்குச் சொன்னது. முதலில் என்ன தேவை என்று கேட்க வேண்டும். அப்புறம் வரைய வேண்டும். சின்னதாகச் செய்து பார்க்க வேண்டும். வேண்டுமென்றே அதைக் கெடுத்துப் பார்க்க வேண்டும். கெட்டதிலிருந்து திரும்ப வரைய வேண்டும்.

"கெடுத்துப் பாக்குறதா? எதுக்கும்மா?"

"எங்கெங்க ஆபத்து வரும்னு முன்னாடியே தெரியணும்லண்ணே. நீங்க சொல்லுங்க. இதுல என்னென்ன தப்பா நடக்கலாம்?"

என்னிடம் போய் இந்தக் கேள்வியைக் கேட்டது. ஜென்மத்தில் யாரும் கேட்டதில்லை. எல்லாரும் வாயை மூடு, அபசகுனமாகப் பேசாதே என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். நான் ஆரம்பித்தேன். செயினில் வேட்டி சிக்கும். மழைத் தண்ணீர் மோட்டாரில் இறங்கி ஷாக் அடிக்கும். மூட்டை சரிந்து கீழே நிற்பவன் கழுத்தில் விழும். கரண்ட் போய்த் திடீரென்று வந்தால் மிஷின் தானாக ஓடும். எலி ஒயரைக் கடிக்கும். அந்தப் பிள்ளை சிரிக்காமல் எழுதிக்கொண்டே போனது. படித்தவர்கள் வேலையில் பயப்படுவதற்கென்றே ஒரு கட்டம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தக் கட்டத்தில் நான் பி.எச்.டி. வாங்கியிருப்பேன்.

ஆனாலும் ஒன்று தப்பியது. எப்படித் தப்பியது என்றால், அந்தப் பிள்ளை மண்டிக்கு வந்து லோடுமேன்கள் வேலை செய்வதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டது. முதலாளி விடவில்லை. "விடியக்காலம் மண்டியில பொம்பளப்பிள்ளைக்கு என்ன சோலி? அவய்ங்க வாயில வர்ற வார்த்தைய நீ கேக்கணுமா?" என்று சொல்லிவிட்டு, தானே செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்தார். கல்லாவில் உட்கார்ந்தபடி எடுத்த வீடியோ. அதில் லோடுமேன்களின் முதுகுதான் தெரியும். முதுகும், அதற்கு மேல் மூட்டையும். கை தெரியாது. அந்தப் பிள்ளை அந்த முதுகுகளைப் பார்த்து மிஷின் வரைந்தது.

வரைபடத்தில் மூன்று நிறுத்தங்கள் இருந்தன. லாரிப் பக்கம் ஒரு சிவப்புக் குமிழ், அடுக்குப் பக்கம் ஒரு சிவப்புக் குமிழ், இரண்டுக்கும் நடுவே பெல்ட்டின் நீளத்துக்கும் ஒரு கயிறு. எங்கே பிடித்து இழுத்தாலும் மிஷின் நிற்கும். சிம்மக்கல்லில் அலைந்து பழைய மோட்டாரும் கியர்பாக்ஸும் வாங்கி, அந்தக் குமிழ்களை மட்டும் புதிதாக வாங்கினேன். முதலாளி பட்டறைக்கு வந்து பார்த்தார்.

"இது என்னப்பா கோயில் மணி மாதிரி கயிறு?"

"இழுத்தா நின்றும்ண்ணே. பாதுகாப்புக்கு."

"டீ குடிக்கணும்னா இழுப்பாய்ங்க. பீடி பத்த வைக்கணும்னா இழுப்பாய்ங்க. மிஷினு நிக்கிறதும் ஓடுறதும் என் கையில இருக்கணும். எல்லாத்தையும் கழட்டு. ஒரே ஒரு சுவிச்ச என் கல்லாப் பக்கத்துல வையி."

"அண்ணே, பாப்பா வரஞ்சது..."

"பாப்பா வரஞ்சா பாப்பா காசு குடுக்குமா?"

கல்லா என்பது ஒரு கண்ணாடி அறை. சுவிட்ச் அதற்குள் போனது. எனக்கு மூன்று ராத்திரி தூக்கம் இல்லை. மகளிடம் போன் போட்டுச் சொன்னேன். அது அப்பாவிடம் சண்டை போட்டிருக்கிறது, ஒரு நாள் சாப்பிடாமல்கூட இருந்திருக்கிறது. வெள்ளோட்டம் பார்க்க வர வேண்டுமானால் காரை விட்டு இறங்கக் கூடாது என்ற சம்மதம் மட்டும்தான் கிடைத்தது.

அன்று லாரி வந்து நின்றதும் முதலாளி சூடம் கொளுத்தி, பூசணிக்காய் உடைத்து, கல்லாவுக்குள் போய் சுவிட்சைப் போட்டார். பெல்ட் ஓடியது. முதல் பத்து மூட்டைகளை லாரி மேல் நின்ற இருவர் உருட்டி விட்டார்கள். மூட்டை தானாக ஏறிப்போய் அடுக்கில் விழுவதைப் பார்த்து டிரைவர் விசில் அடித்தார். மேஸ்திரி மட்டும் கைகட்டி நின்றார். "ஏறுது, ஏறுது. நம்ம சோத்துப்பானையும் சேந்து ஏறுது" என்றார்.

முதலாளிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வீடியோ எடுத்து வியாபாரிகள் குரூப்பில் போட வேண்டும் என்று வெளியே வந்தார். வெளியே வரும்போது கல்லா அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டார். முப்பது வருஷப் பழக்கம். கல்லாவை விட்டு எழுந்தால் கை தானாகப் பூட்டும். மூத்திரம் பெய்யப் போனாலும் பூட்டுவார். அதற்குள்தான் சுவிட்ச் இருக்கிறது என்பது அவருக்கு நினைவில்லை. எனக்கு நினைவு வந்தது. "அண்ணே, பூட்டாதீக" என்று கத்திக்கொண்டே போனேன். பெல்ட் சத்தத்தில் அவர் கையை ஆட்டி, ஒதுங்கு, வீடியோவில் விழுகிறாய் என்றார்.

லாரி மேல் நின்ற இருவரில் ஒருவருக்கு நாற்பது வயதிருக்கும். நல்ல உடம்பு. நான் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். மூட்டையை உருட்டி உருட்டி அவருக்கு அலுத்துவிட்டது. வழக்கம்போல வலது கைக் கொக்கியை எடுத்துச் சாக்கில் குத்தி, சுண்டித் தூக்கி, பெல்ட்டில் போட்டார். லோடுமேன்கள் எல்லாரிடமும் அந்த இரும்புக் கொக்கி உண்டு. அதன் காதில் ஒரு நைலான் கயிறு கோத்து, மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றியிருப்பார்கள். மேலேயிருந்து நழுவினால் கீழே நிற்பவன் மண்டையில் இறங்கும், அதனால்.

கொக்கி சாக்கிலிருந்து வரவில்லை. மூட்டை ஏறியது. கயிறு இறுகியது. அவர் லாரியிலிருந்து பெல்ட் மேல் குப்புற விழுந்து, மூட்டைக்குப் பின்னால் அவரும் ஒரு மூட்டையாக ஏறிப்போனார். முதலில் எல்லாரும் சிரித்தோம். அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், சிரித்தோம். அப்புறம் அவர் கை பெல்ட்டுக்கும் பக்கத்து இரும்புக்கும் நடுவில் போனது. அந்தச் சத்தம் மனிதச் சத்தமாக இல்லை.

"நிப்பாட்டுடா! டேய், நிப்பாட்டுடா!"

மேஸ்திரி பெல்ட்டைக் கையால் பிடித்து இழுக்கிறார். கணக்குப்பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு நிற்கிறார். முதலாளி ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் இடுப்பு மடிப்பைத் தடவிச் சாவியைத் தேடுகிறார், வேட்டி அவிழ்கிறது, சாவி கீழே விழுகிறது, குனிகிறார். நான் அதற்குள் கண்ணாடியை முழங்கையால் அடித்தேன். முதல் அடியில் உடையவில்லை. இரண்டாவது அடியில் உடைந்து என் கையையும் கிழித்தது. உள்ளே கைவிட்டு சுவிட்சை அடித்தேன். மிஷின் நின்றது. அவர் நிற்கவில்லை, கத்திக்கொண்டே இருந்தார்.

கயிற்றை அறுத்து அவரை இறக்கினோம். கை மணிக்கட்டுக்குக் கீழே நசுங்கித் திரும்பியிருந்தது. டிரைவர் ஆட்டோ பிடிக்க ஓடினார். அந்த இடைவெளியில்தான் முதல் அறை என் மேல் விழுந்தது. மேஸ்திரியின் அறை. காதுக்குள் ஊ என்றது.

"மிஷினா செஞ்ச? ஆளு அரைக்கிற மிஷினா செஞ்ச, வெளங்காதவனே?"

அடுத்தது வயிற்றில். கீழே விழுந்ததும் உதை. மூட்டை தூக்கும் கால்கள் அவை. ஒவ்வொரு உதையும் ஒரு மூட்டை எடை. ஒருவன் கடப்பாரையை எடுத்து மோட்டாரைப் பிளந்தான். நான் பார்த்துப் பார்த்து வைத்த செயின் மூடி பறந்துபோய்ச் சுவரில் மோதியது. பெல்ட்டைக் கதிர் அரிவாளால் கிழித்தார்கள். ஒரு மூட்டை வாய் பிரிந்து உருளைக்கிழங்கு தரையெல்லாம் ஓட, அதையே எடுத்து முதலாளியின் மேல் எறிந்தார்கள். கிழங்கு மண்டையில் பட்டால் கல் பட்ட மாதிரிதான். அவர் நெற்றி உடைந்து ரத்தம் கண்ணில் இறங்கியது. ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே என்னைக் காட்டிக் கத்தினார்:

"அவன்தாண்டா செஞ்சான்! அவனக் கேளுங்கடா! எனக்கென்னடா தெரியும் மிஷினப் பத்தி!"

கார்க் கதவு திறந்தது. மகள் இறங்கி நேராக உள்ளே வந்தது. செருப்புக்கு அடியில் கிழங்கு நசுங்கியது.

"அந்த அண்ணன அடிக்காதீங்க. நிப்பாட்டுறதுக்கு நான் மூணு எடம் வச்சிருந்தேன். அந்த அண்ணன் செஞ்சும் வச்சாரு. அப்பாதான் கழட்டச் சொன்னாங்க. நீங்க டீ குடிக்க நிப்பாட்டிருவீங்களாம்."

முதலாளி மகளை அறைந்தார். ரத்தம் வழிகிற முகத்தோடு, அத்தனை பேர் முன்னால், ஓங்கி. அந்தப் பிள்ளை தள்ளாடி மூட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றது. மேஸ்திரி என்னை விட்டுவிட்டு அவரிடம் போனார். "பொம்பளப்பிள்ளைய அடிக்கிற கை இதானா?" என்று கேட்டுவிட்டு ஒரே ஒரு அறை கொடுத்தார். முதலாளி உட்கார்ந்துவிட்டார். அதற்கப்புறம் யாரும் யாரையும் அடிக்கவில்லை.

ஆட்டோவில் நானும் மேஸ்திரியும் கை நசுங்கியவரை நடுவில் வைத்துக்கொண்டு கோரிப்பாளையம் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். என் துண்டில் அவர் கையைச் சுற்றி மடியில் வைத்திருந்தேன். என் ரத்தமும் அவர் ரத்தமும் சேர்ந்து ஒழுகியது. சிக்னலில் ஆட்டோ நின்றபோது அவர் கண் திறந்து என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு, இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து என் முழங்காலில் உதைத்தார்.

"எங்கை போச்சுன்னா உன்னய வெட்டுவேன். சோத்தாங்கைடா அது."

"வெட்டுங்கண்ணே" என்றேன். வேறு என்ன சொல்வது?

"எந்தக் கையால வெட்டுவ?" என்றார் மேஸ்திரி. சொல்லிவிட்டு அவரே அழுதார்.

கை போகவில்லை. கம்பி வைத்துத் தைத்தார்கள். விரல்கள் அசையுமா என்பது போகப் போகத்தான் தெரியும் என்றார்கள்.

மண்டிக்கு மண்டி ஆள் வந்து, மார்க்கெட்டில் வைத்தே பேசி முடித்தார்கள். போலீஸுக்குப் போகவில்லை. முதலாளி ஒரு லட்சத்தை அங்கேயே எண்ணி வைத்தார். நான் இன்னொரு லட்சம், மாதம் ஐயாயிரமாக. மகள் குறுக்கே பேசப் பார்த்தது, நான்தான் வேண்டாம் என்றேன். வழக்கு, வக்கீல் என்றாலே எனக்குப் பயம். அதோடு கை நசுங்கியவரின் தம்பி ஒருவன் மூன்று நாளாக என் பட்டறை வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு, வெல்டிங் வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மிஷினுக்கு வர வேண்டிய மீதிப் பணத்தை நான் கேட்கவும் இல்லை.

ஒரு மாதம் கழித்து அந்தப் பிள்ளை விடியற்காலையில் தனியாக மார்க்கெட்டுக்கு வந்தது. அப்பாவிடம் கேட்கவில்லை. கன்னத்தில் ஒரு அறை வாங்கியாயிற்று, இன்னும் என்ன இருக்கிறது என்று நினைத்திருக்கும். என்னையும் வரச் சொல்லியிருந்தது. நான் தப்பித்து ஓட வசதியாக கேட் பக்கமே நின்றேன்.

"என்னம்மா, அடுத்த கைக்கு அளவெடுக்க வந்தியா?" என்றான் ஒருவன்.

"ஆமாண்ணே. எல்லாரும் கையக் காட்டுங்க" என்றது.

லோடுமேன்கள் கொக்கியும் கையுமாக வேலையை ஆரம்பித்தார்கள், வேண்டுமென்றே கெட்ட வார்த்தை பேசிக்கொண்டு. அது காதில் விழாத மாதிரி, கைகளை மட்டும் போனில் எடுத்தது. பிறகு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அதை மெதுவாக ஓட்டி எனக்குக் காட்டியது. கொக்கி குத்துகிறது, மூட்டை எழும்புகிறது, கீழே நிற்பவன் தோளில் விழுகிறது. விழுந்ததும் தோள் ஒரு நொடி இறங்கி, நிற்கிறது. அந்த ஒரு நொடியில்தான் மேலே நிற்பவன் மணிக்கட்டைத் திருப்பிக் கொக்கியை உருவுகிறான்.

"தோள் நிக்கிதுண்ணே" என்றது. "பெல்ட் நிக்கல."

டீ ஆறிக்கொண்டிருந்தது. எலி ஒயரைக் கடிக்கும் என்பது வரைக்கும் பயந்தவன் நான். ஒரு நொடி நிற்காது என்று பயப்பட எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாவது மிஷினை அந்தப் பிள்ளை லோடுமேன்களிடம் கேட்டுத்தான் வரைந்தது. கேட்டது என்றால் அமைதியாக உட்கார்ந்து கேட்டது இல்லை, ஏச்சும் பேச்சுமாகத்தான். சுமந்து போவது பெரிதில்லை, தரையிலிருந்து தோளுக்கு ஏற்றுவதில்தான் இடுப்பு போகிறது என்றார்கள். ஆகவே இது தரையிலிருந்து தோள் உயரத்துக்கு மட்டும் தூக்கும். காலால் மிதித்தால் ஏறும், காலை எடுத்தால் அந்த நொடியே நிற்கும். கொக்கியை விட மாட்டோம் என்றதால் கயிற்றை மாற்றினோம். மணிக்கட்டுப் பட்டையில் ஒரு அழுத்துப் பொத்தான், சுண்டி இழுத்தால் தானாகப் பிய்ந்து வரும். அதைச் சோதிக்கிறோம் என்று ஒருவரை ஒருவர் இழுத்துப் பார்த்து, ஒருவன் பல் இடிபட விழுந்து, அதில் ஒரு அடிதடி நடந்தது. இழுத்தால் மிஷின் நிற்கிற கயிற்றை இந்தத் தடவை நான் என் காசில் போட்டேன்.

முதலாளி அதை வாங்கிக்கொண்டார். மகளிடம் இன்றைக்கும் நேராகப் பேசுவதில்லை, கணக்குப்பிள்ளை மூலம்தான். மிஷின் நன்றாக ஓடுகிறது. யாருக்கும் கீறல் இல்லை. ஒரு லாரிக்கு நான்கு பேர் வேண்டியிருந்த இடத்தில் இப்போது மூன்று பேர் போதும். யாரையும் நிறுத்த வேண்டி வரவில்லை, ஏனென்றால் ஒருவருடைய இடம் ஏற்கெனவே காலியாக இருந்தது.

கை நசுங்கியவர் மாதம் ஒரு தடவை பணம் வாங்கப் பட்டறைக்கு வருகிறார். போனில் அனுப்புகிறேன் என்றேன், ஒத்துக்கொள்ளவில்லை. முதல் தடவை வந்தபோது வலது கை கழுத்துத் தொட்டிலில் இருந்தது. அவர் இடது கை பக்கம் பணத்தை நீட்டினேன்.

"பீச்சாங்கையில காசு வாங்கச் சொல்றியா? எந்தக் கைய ஒடச்சியோ அதுல வையி."

வைத்தேன். விரல்கள் மடங்கவில்லை. நோட்டுகள் தரையில், இரும்புத் தூளில் விழுந்தன. நான் பொறுக்கி வைக்க, திரும்ப விழுந்தன. மூன்றாவது தடவை அவர் சட்டைப் பையில் வைத்தேன். அதற்கப்புறம் தொட்டிலிலிருந்து கையை எடுத்து என் கன்னத்தில் அறைந்தார். ஈரத்துணி பட்ட மாதிரி இருந்தது.

"வலிச்சுச்சா?"

"இல்லண்ணே."

"வெளங்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு மாதமும் அதுதான். பணம் வலது கையில், பிறகு ஒரு அறை, பிறகு அதே கேள்வி. தொட்டில் போனது. தையல் காய்ந்தது. அவர் மனைவி சித்தாள் வேலைக்குப் போக ஆரம்பித்ததையும், மூத்த மகள் படிப்பை நிறுத்தவா என்று கேட்டதையும், அதற்கு அவள் வாயில் இடது கையால் அடித்ததையும் அவரே சொன்னார். "என் எடத்துல இரும்பு நிக்கிது. அதுக்கு நீதான் காலு வச்ச" என்பார். பக்கத்துப் பட்டறைக்காரர்கள் சண்டைக்கு வரப் பார்த்தார்கள், நான் தடுத்துவிட்டேன். ஒரு மாதம் அவர் அடித்தபோது பொய்யாக "வலிக்கிதுண்ணே" என்று சொல்லிப் பார்த்தேன். கண்டுபிடித்துவிட்டார். மேஜை மேல் இருந்த வெல்டிங் கண்ணாடியைத் தூக்கிப் போட்டு உடைத்தார். "எனக்குப் பிச்சை போடாத."

ராத்திரியில் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொள்வேன். போன மாதத்துக்கு இந்த மாதம் கொஞ்சம் கூடியிருக்கிறதா? விரல் தனித்தனியாகத் தெரிந்ததா? இப்படி ஒரு கணக்கை யாரிடம் சொல்ல முடியும்? மனைவியிடம் சொன்னால் கோயிலுக்குக் கூட்டிப்போவாள்.

இந்த மாதம் அவர் வந்தபோது மழை பெய்துகொண்டிருந்தது. பணத்தை உள்ளங்கையில் வைத்தேன். கட்டைவிரல் மெதுவாக வந்தது. அப்புறம் ஆள்காட்டி விரல். மற்ற நோட்டுகள் விழுந்தன. ஒரு ஐநூறு ரூபாய் நோட்டு மட்டும் அந்த இரண்டு விரலுக்கு நடுவில் நின்றது. நடுங்கிக்கொண்டு நின்றது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். அவர் நெற்றியில் வேர்த்திருந்தது. பிறகு நோட்டை அவரே பையில் போட்டுக்கொண்டு, ஒரு அடி பின்னால் போய், அறைந்தார்.

என் தலை திரும்பிவிட்டது. காதில் ஊ என்றது, அன்று மேஸ்திரி அடித்தபோது கேட்ட அதே சத்தம். கண்ணில் தண்ணீர் வந்தது.

"வலிச்சுச்சா?"

"வலிச்சுச்சுண்ணே."

என் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தார். கன்னத்தில் விரல் தடம் இருந்திருக்க வேண்டும். தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார், புதிதாக வாங்கிய சாமானைப் பார்க்கிற மாதிரி. கீழே கிடந்த நோட்டுகளை நான் பொறுக்கிக் கொடுக்க, வாங்கிக்கொண்டு மழையில் இறங்கி நடந்தார்.

இன்னும் நாற்பத்தைந்தாயிரம் ரூபாய் பாக்கி.